டவுன்லோட் செய்த படம் எங்கே போனது? டேப்லெட்டில் தேடி எடுத்து அடுக்கிவைக்க ஒரு வழிகாட்டி

என் அத்தை ஒருநாள் தன் டேப்லெட்டை என்னிடம் நீட்டினார். "தாத்தா நாற்காலியில உட்கார்ந்திருக்கிற பழைய படத்தை உங்க அண்ணன் மெயில்ல அனுப்பியிருந்தான்டா. டவுன்லோட் பண்ணினேன், காணோம். மறுபடி மறுபடி பண்ணிப் பார்த்துட்டேன்" என்றார். கேலரியை மேலும் கீழும் தள்ளித் தேடிக் களைத்துப்போயிருந்தார்.

"எதுல இருந்து இறக்கினீங்க அத்தை?"

"அதான் சொன்னேனே, மெயில்ல இருந்து."

அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்து டவுன்லோட்ஸ் என்ற இடத்தைத் தொட்டதும் தாத்தா வந்துவிட்டார். அதுவும் வரிசையாக நான்கு முறை. ஒவ்வொரு தடவையும் 'காணோம்' என்று நினைத்து அத்தை பொத்தானை அழுத்த, டேப்லெட் ஒவ்வொரு தடவையும் சொன்னபடி இறக்கிவைத்திருக்கிறது. பெயரின் கடைசியில் (1), (2), (3) என்று எண் மட்டும் கூடியிருந்தது. உங்கள் டேப்லெட்டிலும் பெயர்களின் கடைசியில் இப்படி அடைப்புக்குறிக்குள் எண் இருந்தால், ஒரே படத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை இறக்கியிருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் அர்த்தம்.

ஆகவே தேடத் தொடங்கும்போது உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, 'எந்த ஆப்பிலிருந்து இறக்கினேன்?' என்பதுதான். எப்போது இறக்கினோம், படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். ஒவ்வொரு ஆப்பும் தனக்கென்று ஓர் இடத்தில்தான் படத்தைப் போடும். அந்த இடம் தெரிந்துவிட்டால் தேடல் அரை நிமிட வேலை.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில்

குரோம் போன்ற பிரவுசரிலிருந்தும் மெயிலிலிருந்தும் இறக்கிய படங்கள் உள் நினைவகத்தில் 'டவுன்லோட்' என்ற ஃபோல்டரில் இருக்கும். அங்கே போக, ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்து 'டவுன்லோட்ஸ்' என்பதைத் தொடுங்கள். டேப்லெட்டின் மொழி தமிழில் இருந்தால் அது 'பதிவிறக்கங்கள்' என்று இருக்கும். சாம்சங் டேப்லெட் என்றால் அந்த ஆப்பின் பெயர் 'மை ஃபைல்ஸ்'. குரோமிலேயே இருக்கிறீர்கள் என்றால் இன்னும் சுருக்கமான வழி உண்டு: மேலே மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று புள்ளிகள் தெரியும், அதைத் தொட்டு 'டவுன்லோட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இதுவரை இறக்கியவை எல்லாம் பட்டியலாக வரும்.

உங்கள் டேப்லெட் கேமராவில் எடுத்தவை 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டருக்குள் 'கேமரா' என்ற ஃபோல்டரில் இருக்கும். டிஜிட்டல் கேமரா இமேஜஸ் என்பதன் சுருக்கம் அது. டிஜிட்டல் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1990களின் கடைசியில் ஜப்பானில் வகுத்த ஒரு விதியிலிருந்து வந்த பெயர். போன், டேப்லெட் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டுவிட்டன. பெயர் புரியவில்லையே என்று அந்த ஃபோல்டரை மட்டும் அழித்துவிடாதீர்கள், நீங்கள் எடுத்த படங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருக்கின்றன. ஸ்கிரீன்ஷாட்கள் சில டேப்லெட்டுகளில் இதே டிசிஐஎம்முக்குள்ளும், மற்றவற்றில் 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்குள்ளும் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற பெயரில் இருக்கும்.

பலரும் திண்டாடுவது வாட்ஸ்அப்பில்தான். ஆண்ட்ராய்டு 11 வந்ததிலிருந்து அதன் படங்கள் கொஞ்சம் ஆழமான இடத்துக்குப் போய்விட்டன. உள் நினைவகத்தைத் திறந்து 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்அப் பெயர் கொண்ட ஃபோல்டர், அதற்குள் 'வாட்ஸ்அப்', மறுபடி 'மீடியா', கடைசியில் 'வாட்ஸ்அப் இமேஜஸ்'. நீளமான வழிதான். தினமும் இப்படிப் போகத் தேவையில்லை, கேலரியில் அதே பெயரில் ஓர் ஆல்பமாகவே பெரும்பாலும் தெரியும். கேலரியில் தெரியவில்லை என்றால் வாட்ஸ்அப் செட்டிங்ஸில், சாட்ஸ் பகுதியில், மீடியாவைக் கேலரியில் காட்டும் வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த ஃபோல்டரில் ஒரு படத்தின் பெயரை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'ஐஎம்ஜி-20240512-டபிள்யூஏ0003' என்பது போல இருக்கும். நடுவில் உள்ள எட்டு இலக்கமும் தேதி: 2024, 05, 12. அதாவது 2024 மே 12 அன்று வந்த படங்களில் ஒன்று. கடைசி எண் அன்றைய வரிசை எண். 'போன மே மாதம் நடந்த விழாவின் படம்' என்று நினைவிருந்தால், படத்தைத் திறக்காமல் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் போதும். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு என் அத்தை பெயர்களைப் பார்த்தே வேகமாகத் தேடுகிறார்.

யாராவது தெளிவு குறையாமல் இருக்கட்டும் என்று படத்தை டாக்குமென்டாக அனுப்பியிருந்தால் அது இமேஜஸில் இருக்காது. பக்கத்திலேயே 'வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கிறது, அங்கே பாருங்கள்.

ஐபேடில்

ஐபேடில் படம் போய்ச் சேர இரண்டு இடங்கள் உண்டு: ஃபோட்டோஸ், ஃபைல்ஸ். இந்த இரண்டும் தனித்தனிக் கிடங்குகள். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபேடுக்கு மாறியவர்கள் குழம்புவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சஃபாரியில் ஒரு படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து 'சேவ் டு ஃபோட்டோஸ்' என்று கொடுத்தால் படம் ஃபோட்டோஸ் ஆப்புக்குப் போகும். அதே பக்கத்தில் 'டவுன்லோட்' என்று எழுதிய பொத்தானை அழுத்தி இறக்கினால், அது ஃபைல்ஸ் ஆப்பில் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டருக்குப் போகும். ஃபோட்டோஸ் ஆப்பில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஃபைல்ஸ் ஆப்பிலும் அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டர் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுட் டிரைவுக்குள் இருக்கலாம், 'ஆன் மை ஐபேட்' என்பதற்குள்ளும் இருக்கலாம். எதில் என்பதை செட்டிங்ஸில் சஃபாரி பகுதியில் (புதிய ஐபேட்ஓஎஸ்ஸில் அது 'ஆப்ஸ்' என்பதற்குள் இருக்கும்) 'டவுன்லோட்ஸ்' என்ற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

ஃபைல்ஸில் இருக்கும் படம் ஃபோட்டோஸிலும் வேண்டுமா? படத்தைத் திறந்து, பெட்டியிலிருந்து மேல்நோக்கி அம்பு கிளம்புவது போன்ற பகிர்வுக் குறியைத் தொட்டு 'சேவ் இமேஜ்' கொடுங்கள். இப்போது உங்களிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன, ஃபைல்ஸில் ஒன்று, ஃபோட்டோஸில் ஒன்று. ஒன்றை அழித்தால் மற்றது அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டில் கதை வேறு: அங்கே ஃபைல்ஸ் ஆப்பும் கேலரியும் ஒரே படத்தைத்தான் இரண்டு ஜன்னல் வழியாகக் காட்டுகின்றன. ஒரு ஜன்னலில் நின்று அழித்தால் மற்ற ஜன்னலிலும் அது இருக்காது.

இருந்தும் கண்ணில் படவில்லையா?

சரியான இடத்துக்குப் போயும் படம் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் தேதிதான். ஃபோட்டோஸ் ஆப்கள் படத்தை இறக்கிய நாளை வைத்து அடுக்குவதில்லை; படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும், எடுத்த நாளை வைத்து அடுக்குகின்றன. 2016இல் கேமராவில் எடுத்த படத்தை நண்பர் மெயிலில் இன்று அனுப்பினால், அது இன்றைய படங்களோடு வராது. 2016க்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐபேடில் சமீபத்தில் சேர்ந்தவற்றைத் தனியாகக் காட்டும் பகுதி இருக்கிறது, அங்கே தேடினால் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படங்களில் எடுத்த நாள் பற்றிய குறிப்பு உதிர்ந்துவிடும். அவை உங்களுக்கு வந்து சேர்ந்த நாளிலேயே நிற்கும்.

அடுத்தது ஜிப். பத்து இருபது படங்களை மொத்தமாக இறக்கினால் அவை பல நேரம் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி வரும். கேலரிக்கு மூட்டை தெரியாது, மூட்டையைப் பிரித்தால்தான் உள்ளே இருப்பவை படங்களாகத் தெரியும். ஃபைல்ஸ் ஆப்பில் அந்த ஜிப்பைத் தொடுங்கள். ஐபேடில் உடனே பக்கத்தில் ஒரு ஃபோல்டர் உருவாகும். ஆண்ட்ராய்டில் 'எக்ஸ்ட்ராக்ட்' என்று கேட்கும், சரி என்று கொடுங்கள்.

இன்னொன்று, தேடுபொறி காட்டும் சிறிய படத்தையே சேமித்துவிடுவது. அந்தப் பட்டியலில் வரிசையாகத் தெரிபவை அசலின் சிறிய நகல்கள். அதையே பிடித்துச் சேமித்தால், பெரிதாக்கும்போது கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். படம் இருக்கும் பக்கத்துக்கே போய், அங்கே பெரிதாகத் திறந்து, அதன்பிறகு விரலை அழுத்திப் பிடித்துச் சேமியுங்கள்.

ஆல்பம் வேறு, ஃபோல்டர் வேறு

அடுக்கத் தொடங்கும் முன் இதைப் புரிந்துகொள்ளாமல் நான் ஒருமுறை பட்டேன். அக்கா அனுப்பிய, அவள் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் நாற்பதுக்கு மேல் என் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் இருந்தன. அவற்றை எல்லாம் தேர்ந்தெடுத்து அழகாக ஓர் ஆல்பம் போட்டேன். பிறகு டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தால் அதே படங்கள் அங்கேயும் இருந்தன. ஆல்பத்தில்தான் ஒன்று இருக்கிறதே, இங்கே எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று எல்லாவற்றையும் அழித்தேன், குப்பையையும் காலி செய்தேன். மாலையில் ஆல்பத்தைத் திறந்தபோது அது காலியாக இருந்தது. அக்காவிடம் சொல்லி மறுபடி வாங்கிக்கொண்டேன். அவளிடம் இருந்தது என் நல்ல காலம்.

பள்ளியில் ஒரு குழந்தையின் பெயர் விளையாட்டுக் குழுப் பட்டியலிலும் இருக்கும், பாட்டுக் குழுப் பட்டியலிலும் இருக்கும். பட்டியல் இரண்டு என்றாலும் குழந்தை ஒன்றுதான். கூகுள் ஃபோட்டோஸிலும் ஐபேட் ஃபோட்டோஸிலும் ஆல்பம் என்பது அப்படிப்பட்ட பெயர்ப்பட்டியல். ஒரு படத்தை எத்தனை ஆல்பத்தில் வேண்டுமானாலும் சேர்க்கலாம், கூடுதலாக இடம் பிடிக்காது. ஃபோல்டர் என்பது அலமாரித் தட்டு. படம் உண்மையில் இருப்பது அங்கேதான், ஒரு நேரத்தில் ஒரு தட்டில்தான் இருக்கும். சாம்சங் கேலரியில் மட்டும் ஆல்பம் என்பது பெரும்பாலும் ஃபோல்டரேதான், அங்கே 'மூவ்' கொடுத்தால் படம் உண்மையாகவே இடம் மாறும்.

ஐபேடில் ஆல்பத்துக்குள் நின்று ஒரு படத்தை அழிக்கப் போனால் இரண்டு வழி காட்டும்: ஆல்பத்திலிருந்து மட்டும் எடுப்பது ஒன்று, அடியோடு அழிப்பது இன்னொன்று. அவசரப்படாமல் படித்துவிட்டு விரலை வையுங்கள்.

இப்போது அடுக்கலாம்

டவுன்லோட் ஃபோல்டரை வாசல் திண்ணை போல நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற எல்லாம் முதலில் அங்கேதான் வரும், ஆனால் அங்கேயே குடியிருக்க விடக்கூடாது. பில், விண்ணப்பம், படம் எல்லாம் கலந்து கிடந்தால் அடுத்த முறை தேடுவது மறுபடி கடினமாகிவிடும்.

1. ஃபைல்ஸ் ஆப்பில் டவுன்லோட்ஸைத் திறந்து, படங்களைச் சிறு கட்டங்களாகக் காட்டும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டேப்லெட்டின் பெரிய திரைக்கு அது மிகவும் வசதி, ஒரே பார்வையில் இருபது முப்பது படம் தெரியும்.

2. ஆண்ட்ராய்டில் 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்குள் புது ஃபோல்டர்கள் உருவாக்குங்கள். ஐபேட் என்றால் ஃபைல்ஸில் ஃபோல்டர் அல்லது ஃபோட்டோஸில் ஆல்பம், எதில் வைத்துக்கொள்வது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். குடும்பப் படங்களுக்கு ஃபோட்டோஸ் போதும் என்பது என் எண்ணம். ஃபைல்ஸை வேலைக்கான படங்களுக்கு விட்டுவிடலாம்.

3. ஆண்ட்ராய்டில் ஒரு படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், டிக் விழும். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டால் அவற்றிலும் விழும். கூகுள் ஃபோட்டோஸில் அழுத்திப் பிடித்த விரலை எடுக்காமல் அப்படியே இழுத்தால் வரிசையாகத் தேர்வாகும். ஐபேட் ஃபோட்டோஸில் முதலில் 'செலக்ட்' தொட்டுவிட்டு இழுக்க வேண்டும்.

4. 'மூவ்' கொடுத்து, போக வேண்டிய ஃபோல்டரைக் காட்டுங்கள். 'காப்பி' கொடுத்தால் பழைய இடத்திலும் ஒன்று தங்கிவிடும்.

எத்தனை ஃபோல்டர் வேண்டும்? தொடக்கத்தில் நான்கைந்து போதும். குடும்பம், பயணம், ஆவணங்கள், வேலை, இன்னும் முடிவாகாதவை. நிறையப் பேர் முதல் நாளிலேயே முப்பது ஃபோல்டர் போட்டு, எந்தப் படம் எதில் என்று பிறகு தங்களுக்கே தெரியாமல் நிற்கிறார்கள். ஒரு ஃபோல்டரில் நூறு படத்துக்கு மேல் சேர்ந்தபின் அதைப் பிரித்தால் போதும்.

பெயர் வைப்பதில் ஒரு சின்ன ஒழுங்கு பெரிய உதவி செய்யும். ஆண்டு முதலில், அடுத்து மாதம், அப்புறம் நாள்: '2024-05-12 பிறந்தநாள்'. இப்படி வைத்தால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். நாளை முதலில் எழுதினால் எல்லா ஆண்டுகளின் 12ஆம் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும். மாதத்தை 5 என்று எழுதாமல் 05 என்று எழுதுங்கள், இல்லையென்றால் சில ஆப்களில் 12ஆம் மாதம் 5ஆம் மாதத்துக்கு முன்னால் வந்துவிடும். தேதிக்கு நடுவில் சாய்வுக்கோடு போட முடியாது, சிறு கோடு போடுங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம், எந்தத் தடையும் இல்லை. பிறகு தேடல் பெட்டியில் 'பிறந்தநாள்' என்று தட்டினால் வந்துவிடும்.

ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு நாள் தெரியாது. தெரிந்தவரை எழுதுங்கள்: '1971 தாத்தா நாற்காலியில்'. டேப்லெட் அதை ஸ்கேன் செய்த நாளில்தான் காட்டும், ஆனால் திருத்தலாம். கூகுள் ஃபோட்டோஸிலும் ஐபேட் ஃபோட்டோஸிலும் படத்தின் விவரங்களைத் திறந்து தேதியைத் தொட்டு மாற்ற முடியும். குடும்பத்தில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு இதைச் செய்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு என்பது அவர்கள் மனதில் மட்டும்தான் பதிந்திருக்கிறது.

அழிக்கும்போது

இரட்டைப் பிரதிகளை அழிக்கும் முன் இரண்டின் அளவையும் பாருங்கள். விவரங்களில் ஒன்று 3 எம்பி, மற்றது 150 கேபி என்று இருந்தால் பெரியதை, அதாவது 3 எம்பி உள்ளதை, வைத்துக்கொள்ளுங்கள் (ஓர் எம்பி என்பது சுமார் ஆயிரம் கேபி). சிறியது எங்கோ சுருங்கி வந்தது. ஐபேடில் ஐபேட்ஓஎஸ் 16 முதல் ஒரே மாதிரிப் படங்களைத் தானே கண்டுபிடித்து 'டூப்ளிகேட்ஸ்' என்று தனியாகக் காட்டும்.

தவறி அழித்துவிட்டால் பதற வேண்டாம். ஐபேடில் 'ரீசன்ட்லி டெலிட்டட்' என்ற இடத்தில் 30 நாள் இருக்கும். கூகுள் ஃபோட்டோஸ் குப்பையில், கிளவுடில், அதாவது கூகுளின் இணையச் சேமிப்பிடத்தில், நகல் ஏறிய படம் 60 நாளும் ஏறாதது 30 நாளும் இருக்கும். சாம்சங் கேலரியிலும் 30 நாள். குப்பையை உடனே காலி செய்யும் பழக்கம் மட்டும் வேண்டாம், நான் பட்டது போதும்.

நகல்

கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் போட்டிருக்கிறேன், எல்லாம் பத்திரம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமாக அது கேமரா ஃபோல்டரை மட்டும்தான் மேலே ஏற்றும். டவுன்லோட், வாட்ஸ்அப் இமேஜஸ் போன்றவற்றை நீங்களாகப் போய் இயக்கிவிட வேண்டும். பேக்கப் செட்டிங்ஸில் டேப்லெட்டின் மற்ற ஃபோல்டர்களுக்கான பகுதியைத் திறந்து, வேண்டியவற்றை மட்டும் இயக்குங்கள். வாட்ஸ்அப் காலை வணக்கப் படங்கள் அத்தனையும் ஏறினால் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். ஜிமெயில், டிரைவ் இரண்டும் அதே 15 ஜிபியைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. இன்னொன்று, ஐகிளவுட் ஃபோட்டோஸ் இயங்கும்போது ஐபேடில் அழித்த படம், அதே கணக்கில் உள்ள ஐபோனிலும் அழிந்துவிடும். அது எல்லாச் சாதனங்களையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் ஏற்பாடு, தனியாக எடுத்துவைத்த நகல் ஆகாது.

அதனால் அருமையான படங்களுக்கு ஒரு பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி சி முனை உள்ளது என்றால் இன்றைய டேப்லெட்டுகள் பெரும்பாலானவற்றில் நேரடியாகச் செருகலாம், ஃபைல்ஸ் ஆப்பில் தனி இடமாகத் தெரியும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் 'மூவ்' வேண்டாம், 'காப்பி' கொடுங்கள். கழற்றும் முன் பென்டிரைவில் இருக்கும் பிரதியையே திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள், ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அத்தை அப்படிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தாத்தாவின் சட்டைப்பையில் ஒரு பேனா இருந்ததை நாங்கள் இருவரும் முதல் தடவையாகக் கவனித்தோம்.